கானில் தண்ணீர் குறைந்தபோது

ஓய்வு பெற்றவர் என்றதும் எல்லாருக்கும் நரைத்த தலைதான் ஞாபகம் வரும். எனக்கு முப்பத்தாறு வயது. தீயணைப்பு வேலையிலிருந்து மருத்துவச் சபை என்னை வீட்டுக்கு அனுப்பி இரண்டு வருடமாகிறது. இடது முழங்காலுக்குள் ஒரு தகடு இருக்கிறது. வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடியின் மூன்றாம் மாடிக்கு ஏறி முடிப்பதற்குள் இரண்டு இடத்தில் நிற்க வேண்டும். மற்றபடி வாயும் அவசரமும் பழையபடியே.

போன மாதம், நிலையத்தில் புதிதாகச் சேர்ந்தவர்கள் சார்பில் ஒருவர் வட்சப்பில் கேட்டிருந்தார்.

"அண்ணை, புதுக் கமரா ஒண்டு வந்திருக்கு. சுவருக்குள்ள எங்க சூடெண்டு கலர் கலராக் காட்டுது. இனியும் சுவரைத் தடவிப் பாக்கிறது, ரோட்டு வடிகானைப் பாத்துக்கொண்டு ஒராள் நிக்கிறது எல்லாம் தேவையோ? இங்க ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு சண்டை. நீங்கள் எஞ்சினியர்தானே, சொல்லுங்கோ."

நான் எஞ்சினியர் இல்லை. கட்டட நிர்மாண டிப்ளோமாவை இரண்டாம் வருடத்தில் விட்டுவிட்டு, தீயணைப்பில் சேர்ந்தவன்; அதற்காக வீட்டில் ஒரு மாதம் யாரும் என்னோடு கதைக்கவில்லை. அந்தப் பட்டப் பெயரை வைத்தவன் அன்ரனி. கொட்டாஞ்சேனைக்காரன், என்னோடு ஒரே நாளில் சேர்ந்தவன். பயிற்சி மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை: ஏணி, முடிச்சு, ஓட்டம், மறுபடியும் ஏணி. சூடேறிய இரும்பு நீண்டு சுவரைத் தள்ளும், கொங்கிறீற் வெடித்து உதிரும், மரம் கரிந்தாலும் கொஞ்ச நேரம் தாங்கும் என்பதெல்லாம் எனக்குப் புத்தகத்திலேயே தெரியும். வகுப்பில் கேள்வி முடியுமுன் கையை உயர்த்துவேன். "டேய் எஞ்சினியர், கையை இறக்கு, காத்து வரட்டும்" என்பான் அன்ரனி பின்வரிசை வாங்கிலிருந்து.

பயிற்சி முடிந்து நாங்கள் இருவரும் போன நிலையத்தில் பொறுப்பதிகாரி ஜமால் சேர். கொம்பனித்தெரு மலாய்க்காரர். மெல்லிய ஆள், மெல்லிய குரல். சேட்டுப் பையில் எப்போதும் கரும்பலகையில் எழுதும் வெள்ளைச் சோக்குக் கட்டி ஒன்று. வண்டி நின்றதும் நாங்கள் குதித்து ஓட, அவர் இறங்கி நடப்பார். நடந்து கட்டடத்தைச் சுற்றி வருவார். ஒரு பக்கத்தால் போக முடியாவிட்டால் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு அவர்களுடைய குசினிக்குள்ளால், அடுப்பைத் தாண்டிப் போய்ப் பார்ப்பார். வந்து எங்களிடம் கேட்பதும் ஒரே வரிசையில்தான்: உள்ளே யாரும் இருக்கிறார்களா, உள்ளே என்ன சாமான் இருக்கிறது, அந்தச் சாமான் எந்த மாடியில் இருக்கிறது. இவற்றுக்குப் பதில் வராமல் யாரையும் உள்ளே விடமாட்டார்.

வண்டியை ஒருநாளும் கட்டடத்தின் முகத்துக்கு நேரே நிறுத்த விடமாட்டார். மூலையில்தான் நிறுத்த வேண்டும். சுவர் வெளிப்பக்கம் விழுந்தால் நடுவிலிருந்துதான் அதிகம் வரும், மூலை கடைசிவரை நிற்கப் பார்க்கும் என்பார். சுவரைப் புறங்கையால் தொடுவார். வெடிப்பைக் கண்டால் அது முடியும் இடத்தில் சோக்கால் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் நேரத்தை எழுதுவார். பத்து நிமிடம் கழித்து வந்து, வெடிப்பு கோட்டைத் தாண்டியிருக்கிறதா என்று பார்ப்பார். பழைய வெடிப்புக்குள் தூசியும் சிலந்தி வலையும் இருக்கும். புதியது சுத்தமாக இருக்கும், அதற்குத்தான் பயப்பட வேண்டும்.

எல்லாவற்றிலும் விசித்திரமானது மின்கம்ப வேலை. கட்டடத்தின் மூலை விளிம்பும், அதற்குப் பின்னால் தூரத்தில் ஒரு மின்கம்பமும் சேர்ந்து தெரியக்கூடிய இடத்தில் ஒருவரை நிறுத்துவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு, விளிம்புக்கும் கம்பத்துக்கும் இடையில் எத்தனை விரல் இடைவெளி என்று பார்த்து வைத்திருக்க வேண்டும். இடைவெளி மாறினால் சுவர் நகர்கிறது. நிற்கிறவர் நகர்ந்துவிட்டால் கணக்குப் பிழைத்துவிடும் என்பதற்காக, தார் வீதியில் குந்தியிருந்து அவருடைய சப்பாத்தைச் சுற்றிச் சோக்கால் கோடு போடுவார். பெரியவர் ஒருவர் நம் காலடியில் குந்தியிருந்து கோடு போடுவது வெட்கமாக இருக்கும்.

அவர் பின்வாங்கச் சொல்லாத நெருப்பு இல்லை. மூன்று நீண்ட விசில் ஊதினால் எல்லாரும் கையிலுள்ளதைப் போட்டுவிட்டு வெளியே வர வேண்டும். அவர் எங்களை வெளியே எடுத்த கட்டடங்களில் அநேகமானவை இன்னும் நிமிர்ந்துதான் நிற்கின்றன. "சேர் வீட்டில கேத்தில் கொதிச்சாலும் குடும்பத்தோட ரோட்டுக்கு வந்திடுவார்" என்று அன்ரனி சொல்ல, நாங்கள் சிரித்து உருளுவோம். நானும் சிரித்தேன். எனக்கு அவர் பயந்தவர் என்ற எண்ணந்தான்.

தம்பிமாரின் கேள்விக்குப் பதில் சொல்ல இரண்டு நெருப்பைச் சொல்ல வேண்டும். முதலில் வெள்ளவத்தை. காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஓடு போட்ட பழைய இரண்டு மாடி வீடு. பின்பக்கக் குசினியில் பிடித்த நெருப்பு கூரைக்கு ஏறியிருந்தது. என் வீட்டிலிருந்து நாலு ஒழுங்கை தள்ளி. பார்த்துக்கொண்டிருந்த கூட்டத்தில் பாதிப்பேர் என்னைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்கள். சேர் என்னை மின்கம்பத்துக்கு நிறுத்திக் காலைச் சுற்றிக் கோடு போட்டார்.

அரை மணி நேரம் ஒற்றைக் கண்ணோடு நின்றேன். நடுவில் பரமேஸ் அன்ரி, அம்மாவின் சிநேகிதி, சோடாப் போத்தலோடு வந்து, "தம்பி, கண்ணுக்கு என்னப்பு, தூசி விழுந்திட்டுதோ?" என்று கேட்டார். அவரை அப்பால் அனுப்ப ஒரு அடி எடுத்து வைத்துவிட்டுத் திரும்பி வந்து நின்றேன். பார்க்கிறேன், இரண்டு விரல் இடைவெளி ஒன்றாகிவிட்டது. கத்தினேன். என்ன கத்தினேன் என்று ஞாபகமில்லை. சேர் விசில் ஊத, எல்லாரும் ஓடி வந்தார்கள். கூட்டமும் ஓடியது. ஒருவருடைய செருப்பு கானுக்குள் போனது.

வீடு அசையவில்லை. நான்தான் சோக்குக் கோட்டுக்கு வெளியே, அரைச் சாண் தள்ளி நின்றிருந்தேன்.

அன்ரனி என் சப்பாத்தையும் கோட்டையும் மாறி மாறிப் பார்த்தான். "வீடு நகரல்ல மச்சான், எஞ்சினியர்தான் நகர்ந்திருக்கார்." எல்லாரும் சிரித்தார்கள். ஜமால் சேர் சிரிக்கவில்லை, ஏசவுமில்லை. குந்தியிருந்து மறுபடியும் கோட்டைப் போட்டார். "சரி. அடுத்த மொறையும் கத்துங்க" என்றார். அவ்வளவுதான்.

எனக்கு அது போதவில்லை. மாதக்கணக்காகச் சந்தைக்குப் போனால் "வீடு விழுதெண்டு கத்தின தம்பி" என்று காட்டினார்கள். பரமேஸ் அன்ரி அம்மாவிடம், "பிள்ளைக்குப் பயம் பிடிச்சிருக்கு, ஒரு நூல் கட்டுங்கோ" என்றிருக்கிறார். இனி நிச்சயமாகத் தெரியாமல் கத்துவதில்லை என்று அன்றைக்கு எனக்குள் ஒரு முடிவு எடுத்தேன். இதை வாசிக்கிறவர்கள் அந்த முடிவை நினைவில் வைத்திருங்கள்.

அடுத்தது கொட்டாஞ்சேனை. ஒரு வேலை நாள், காலை பத்து மணியை நெருங்கும் நேரம். கபொக் எனும் செம்மண் கல்லையும் சுண்ணாம்பையும் வைத்துக் கட்டிய மிகப் பழைய கட்டடம். கீழே பூட்டிய கடை, மேலே இரண்டு மாடி. மாடித் தளங்கள் பலகை. பலகையைத் தாங்குவது குறுக்கே ஓடும் மரத் தீராந்திகள், தீராந்திகளைத் தாங்குவது இரு பக்கத்துச் சுவர்கள். முதலாம் மாடியில் உடுப்புத் தொழிற்சாலைகளில் மிஞ்சும் வெட்டுத்துணிகளைப் பொதி பொதியாக அடுக்கியிருந்தார்கள், சுவரோடு சுவராக, கூரை முட்ட. அங்கேதான் நெருப்பு.

சேர் சுற்றி நடந்து வந்தார். உள்ளே ஆள்? பொறுப்பாளர் வேலையாட்கள் எல்லாரையும் எங்கள் முன்னால் எண்ணிக் காட்டினார், யாருமில்லை. உள்ளே என்ன? பருத்தித் துணி. எந்த மாடியில்? சேர் மேலே பார்த்தார்.

"உள்ள ஆள் இல்ல. துணிக்கு உசிர் குடுக்க ஏலா" என்றார். "படி ஏறி வாசல்ல நிண்டு அடிங்க. அதுக்கு உள்ள போக வாணாம். பொதிகள் மெதுவா வேகும், மிச்ச நேரம் எடுக்கும்."

அன்ரனியும் இன்னொருவரும் ஒரு குழாயோடு படியேறினார்கள். வீதியிலிருந்து இரண்டு குழாய் ஜன்னல்களுக்குள் அடித்தன. சேர் என்னைக் கூட்டிக்கொண்டு கட்டடத்தின் மூலைக்குப் போனார். வாசல் வழியாகவும் சுவரோரக் குழாய் வழியாகவும் கறுத்த தண்ணீர் வந்து வீதிக் கானில் விழுந்து ஓடியது. குந்தியிருந்து, கானின் உள் சுவரில் தண்ணீர் முட்டும் உயரத்தில் சோக்கால் ஒரு கோடு இழுத்தார்.

"மல்லி, உள்ள எத்தன குழாய் போகுது?" மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி; எங்களை அப்படித்தான் கூப்பிடுவார்.

"மூண்டு, சேர்."

"உள்ள போற தண்ணி இதால வெளிய வரணும். வராட்டி எங்க ஈக்குது?"

அது எங்கே இருந்தால் எனக்கென்ன என்றிருந்தது. மற்றவர்கள் நெருப்போடு நிற்க, நான் கான் காவல். எரிச்சலாக இருந்தது.

"பொதி தண்ணிய குடிச்சிட்டு உள்ளயே குந்தி ஈக்கும். பாரம் கூடும். ஊதிப் பெருத்து சுவரத் தள்ளும். நெருப்பு இல்ல இந்தக் கட்டடத்த தள்ளுற. நாம தள்ளுற. தண்ணி கோட்டுக்குக் கீழ போனா கத்துங்க. யோசிக்க வாணாம். கொறஞ்ச ஒடன விழாது, ஆள் வெளிய வாரத்துக்குக் கொஞ்ச நேரம் தரும். அந்த நேரந்தான் நமக்கு ஈக்கிய ஒரே சொத்து."

அதை அவர் எங்கள் எல்லாருக்கும் எப்போதும் சொல்லுவார். அன்ரனி அவரைப் போலவே கதைத்து நடித்துக் காட்டுவான்.

நாற்பது நிமிடம் போனது. ஜன்னல்களில் சுவாலை இல்லை. புகை வெள்ளையாகிவிட்டது. கூட்டம் கலையத் தொடங்கியது. மேலே படி ஜன்னலில் அன்ரனியின் தலை தெரிந்தது. "எஞ்சினியர், கானில மீன் பிடிபட்டா எனக்கும் ஒண்டு!" என்று கத்தினான். நான் கையால் ஒரு சைகை காட்டினேன். அதை எழுத முடியாது.

அப்போதுதான் கோட்டைப் பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரல் கீழே ஓடியது.

கையில் மணிக்கூடு இருந்தது, பார்த்தேன். பத்து நாற்பத்தொன்று.

கத்தவில்லை. யோசித்தேன். நெருப்புத்தான் குறைந்துவிட்டதே, ஒரு குழாயை மூடியிருப்பார்கள். அல்லது கானில் முன்னால் அடைத்திருந்த ஏதோ விலகித் தண்ணீர் வேகமாக ஓடுகிறது; வேகம் கூடினால் மட்டம் குறையும், இது பள்ளிக்கூடப் பாடம். எனக்கு இந்த வகைக் காரணங்கள் எவ்வளவு வேண்டுமானாலும் வரும். உண்மையான காரணம் வெள்ளவத்தை. இங்கேயும் கத்தி, கட்டடம் நின்றுவிட்டால்?

நிமிர்ந்து பார்த்தேன். மூன்று குழாயும் முழு வேகத்தில் அடித்துக்கொண்டுதான் இருந்தன. அதைக் கண்ட பிறகும், இன்னொரு நிமிடம் பார்ப்போம் என்று நின்றேன். இரண்டு விரல் இறங்கியது. இன்னொரு நிமிடம். தண்ணீரில் முதலில் மிதந்து வந்த நூல்கள் இப்போது வரவில்லை. கோடு காயத் தொடங்கியது. சோக்கு காய்ந்து வெளுப்பதை நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் கழுத்துக்குப் பின்னால் மயிர் எழும்பி நின்றது. உடம்புக்குத் தெரிந்துவிட்டது. தலைதான் கணக்குக் கேட்டது.

பிறகு வார்ட்டில் கிடந்து அந்தக் கணக்கைச் செய்து பார்த்தேன். ஒரு குழாய் நிமிடத்துக்கு முந்நூறு லீற்றர் என்று குறைத்தே வையுங்கள். மூன்று குழாய். ஒரு லீற்றர் ஒரு கிலோ. நான் நின்ற நேரத்தில் மட்டும் ஏறக்குறைய எட்டுத் தொன் தண்ணீர் உள்ளே போனது. அதில் பாதி வெளியே வந்திருந்தாலும், பாரம் ஏற்றிய ஒரு லொறியைப் பலகைத் தளத்துக்கு ஏற்றி நிறுத்தியதற்குச் சமம். ஐந்து செக்கன்கூட எடுக்காத கணக்கு.

கானிலிருந்து கண்ணை எடுத்துச் சுவரைப் பார்த்தபோது, முதலாம் மாடி மட்டத்தில் சுவர் வேர்த்துக்கொண்டிருந்தது. கல்லுக்கும் கல்லுக்கும் இடையிலிருந்த சுண்ணாம்பு வழியாகத் தண்ணீர் துளித்துளியாகக் கசிந்து இறங்கியது. அந்த மட்டத்தில் சுவர் இலேசாக வெளியே தள்ளியிருந்தது, சாப்பிட்ட வயிறு மாதிரி.

"சேர்! தண்ணி இறங்கிட்டுது! சுவர் ஊறுது!"

ஜமால் சேர் கேள்வி கேட்கவில்லை. மூன்று நீண்ட விசில். வீதியிலிருந்தவர்கள் குழாய்களை அப்படியே போட்டுவிட்டு மூலைக்கு ஓடி வந்தார்கள். படிவாசலால் அன்ரனியோடு போனவர் வெளியே வந்தார். அன்ரனி அவருக்குப் பின்னால் தெரிந்தான். வாசல்படிவரை வந்தான். பிறகு எதையோ மறந்தவன்போல் திரும்பி மேலே ஓடினான்.

குழாயின் பித்தளை முனை. அது எங்கள் ஆட்களுடைய வியாதி. முனை தொலைந்தால் மூன்று விளக்கக் கடிதம் எழுத வேண்டும். அன்ரனி ஒருமுறை தொலைத்து எழுதியவன்.

"அன்ரனி! விட்டிட்டு வாடா!"

நான் மூலையிலிருந்து வாசலை நோக்கி ஓடினேன். சேர் என் இடுப்புப் பட்டியைப் பிடித்து இழுத்ததும், சுவருக்குள் ஏதோ முறிந்ததும் ஒரே நேரம். பெரிய சத்தமில்லை. தடித்த சீலையைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். சுவரின் வயிறு திறந்தது. ஊறிய பொதிகள் முதலில் வந்தன, பின்னால் கல், அதற்குப் பின்னால் இரண்டாம் மாடி. சேர் இழுத்த இழுப்பில் என் உடம்பு தப்பியது. இடது கால் தப்பவில்லை.

தூசி அடங்கியபோது மூலையும் படிக்கட்டுப் பக்கமும் மட்டும் நின்றன. என் கால் வலித்ததா என்று கேட்டால் ஞாபகமில்லை. ஞாபகமிருப்பது அமைதி. சேர் கையை உயர்த்தி எல்லாரையும் அசையாமல் நிற்கச் சொன்னார். பம்ப்பை நிறுத்தினார்கள். வீதி முழுக்க ஒருவரும் மூச்சு விடவில்லை. நான் தார் வீதியில் முகத்தை வைத்துக்கொண்டு கிடந்தேன். பத்து நாற்பத்தொன்று, பத்து நாற்பத்தொன்று என்று மட்டும் தலைக்குள் ஓடியது.

டக். டக். டக்.

படிக்கட்டுக்குக் கீழிருந்து, பித்தளை கல்லில் படுகிற சத்தம். எந்த முனைக்காகத் திரும்பிப் போனானோ அதனால்தான் தட்டிக்கொண்டிருந்தான். அவனை வெளியே எடுக்க ஒன்றேகால் மணி நேரமானது. நடுவில் இரண்டு தடவை தட்டுவது நின்றது. அந்த இரண்டு தடவையும் நான் இருந்த இடம் எதுவென்று எனக்குச் சொல்லத் தெரியாது. அம்புலன்ஸில் ஏற மறுத்துக் கிடந்தேன்.

உயிரோடு வந்தான். வலது கையில் பெருவிரலைத் தவிர மற்ற நாலு விரலும் இல்லை.

மூன்றாம் நாள் ஜமால் சேர் வார்ட்டுக்கு வந்தார். தோடம்பழப் பையை மேசையில் வைத்துவிட்டு, அறிக்கை எழுதும் கொப்பியைத் திறந்தார்.

"மல்லி, கானில தண்ணி எத்தன மணிக்குக் கொறஞ்ச?"

"நான் கத்தின நேரந்தான், சேர். கண்ட உடனே கத்தினனான்."

பேனை எழுதவில்லை. என்னைப் பார்த்தார். மறுபடியும் அதையே, அதே மெல்லிய குரலில் கேட்டார். நானும் அதையே சொன்னேன். பிறகு எழுதினார். நான் சொன்னபடி, பத்து ஐம்பது என்று. அறிக்கையின் முடிவு: சுவர் போதிய முன்னறிவிப்பு இல்லாமல் விழுந்தது. முன்னறிவிப்பு கோடு போட்டு என் காலடியில் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த வருடம் அவர் ஓய்வு பெற்றார். பின்வாங்கச் சொல்லப் பிந்திய அதிகாரி என்று அவரைப் பற்றிக் கதைக்கிறார்கள். அவர் ஒருநாளும் மறுத்துச் சொன்னதில்லை.

ஆகவே, கேட்ட தம்பிமாருக்குப் பதில்: கமராவைப் பாவியுங்கள், நல்ல சாமான். அது சூட்டைக் காட்டும். ஊறிய பொதி குளிர்ந்திருக்கும்; குளிரைக் கண்டு நீங்கள் நிம்மதியாகிவிடுவீர்கள். கானுக்கும் ஒருவரை நிறுத்துங்கள். நிற்கிறவர் என்னை மாதிரிக் கெட்டிக்காரராக இருக்கக் கூடாது.

இதை அனுப்ப முந்தி அன்ரனிக்கு வாசித்துக் காட்டாமல் விட முடியாது என்று தோன்றியது. பயந்துகொண்டே கூப்பிட்டேன். போன ஞாயிறு பூசை முடிய பஸ் ஏறி வந்தான். இப்போது நிலையத்தில் தொலைபேசிக் கடமை. இடது கையால் எழுதப் பழகிவிட்டான். மேலே உள்ளதெல்லாவற்றையும் வாசித்தேன். மீன் பகிடிக்குச் சிரித்தான். மணி பத்து நாற்பத்தொன்றுக்கு வந்ததும் சிரிப்பை நிறுத்தினான்.

வாசித்து முடித்தேன். கீழே கடற்கரை ரெயில் ஒன்று போனது.

"நான் ஏன் திரும்பிப் போனேன்னு தெரியுமா ஒனக்கு?" என்றான்.

"முனைக்குத்தானே."

"முனைக்குத்தான். ஆனா விசில் கேட்டவொடன கணக்குப் பாத்தேன் மச்சான். எஞ்சினியர் கானில நிக்கிறான், இப்பதான் கத்தியிருக்கான். கொறஞ்ச ஒடன விழாது, கொஞ்ச நேரம் தரும்ண்டு சேர் சொல்லுவார்தானே. அந்த நேரம் இருக்குண்டு நம்பித்தான் மேல ஏறினேன்."

அந்த நேரத்தை நான் கானோரத்தில் நின்று முடித்திருந்தேன்.

"எவ்வளவுடா?" என்று கேட்டான்.

"ஒன்பது நிமிஷம்."

தேத்தண்ணிக் கோப்பையை இடது கையால் எடுத்தான். குடிக்காமல் திரும்ப வைத்தான்.

"நீ வாசிச்சதில அது இல்லையே. நாப்பத்தொண்டுண்டு ஒரு எடத்தில போட்டிருக்கே, அம்பதுண்டு இன்னொரு எடத்தில போட்டிருக்கே. கழிச்சுப் பாக்க ஒருத்தனும் மெனக்கெட மாட்டான்." கதிரையிலிருந்து எழும்பினான். "ஒம்பது நிமிஷம்ண்டு எழுது. எழுதி மொதல்ல ஜமால் சேருக்கு அனுப்பு. பெறகு பொடியனுகளுக்கு."

ஒன்பது நிமிடம், சேர்.